லாக்கர் சாவியும் போர்பன் பாட்டிலும்

டிஸ்கி முதலிலேயே: இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடி குடியைக் கெடுக்கும். அந்தப் பக்கமே போகாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நான் திட்டப் போவது சரக்கை அல்ல, சரக்கை ஒளித்து வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்பவர்களை. அதில் அடியேனும் ஒருவன் என்பதால் கொஞ்சம் என்னையும்.

என் முதல் மேனேஜர் இப்போது செம்பூரில் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர், ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகிறது. 2024 அக்டோபரில் தங்கையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும்போது போன் செய்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. "தம்பி, பிளான்டன்ஸ்னு ஒரு போர்பன் இருக்கு. மூடியில குதிரை பொம்மை இருக்கும். ஒரே ஒரு பாட்டில். கெடைக்கலேன்னா விட்டுடு, அலையாதே" என்றார்.

தங்கமணி பக்கத்திலிருந்து, "போர்பன்னா கிரீம் பிஸ்கட்தானே? அதுக்கு எதுக்கு அமெரிக்கா, கீழ கடையிலயே இருக்கே" என்றாள். ஹ்ம்ம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும், அமெரிக்காவில்தான் செய்ய வேண்டும். இதெல்லாம் அந்த ஊர்ச் சட்டம். பிளான்டன்ஸ் 1984-ல் வந்தது. பல பீப்பாய்களைக் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலில் அடைப்பதுதான் அதன் பெருமை. மூடியில் குதிரையும் ஓட்டுபவரும் இருப்பார்கள். மொத்தம் எட்டு விதமான மூடிகள், ஒவ்வொன்றிலும் பெயரின் ஒரு எழுத்து. எட்டையும் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது.

மும்பையிலேயே வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரி 150 சதவீதமாக இருந்தது. போர்பனுக்கு மட்டும் 2025 பிப்ரவரியில் 100 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் மாநில கலால் வரி. ஒவ்வொரு லேபிளையும் ஒவ்வொரு மாநிலத்திலும் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். நாலு பெட்டி விற்க இத்தனை செலவு யார் செய்வார்கள்? அதனால் ஜிம் பீம் கிடைக்கும், மேக்கர்ஸ் மார்க் கிடைக்கும், அரிய சரக்கு சுலபத்தில் கிடைக்காது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. வரி எவ்வளவு என்று கெஜட்டில் இருக்கிறது, யாரும் ஒளிக்கவில்லை.

வருத்தம் அங்கே போன பிறகுதான் வந்தது.

தங்கை இருப்பது ஒஹையோவில் சின்சினாட்டி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி. பிளான்டன்ஸ் வடிக்கும் பஃபலோ டிரேஸ் ஆலை இருக்கும் அதே மாநிலம். திருநெல்வேலிக்கே போய்விட்டு அல்வா இல்லாமல் திரும்புவோமா என்ற தெம்பில் மாப்பிள்ளையோடு காரில் கிளம்பினேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் சிரித்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து, எல்லா இடத்திலும் அதே சிரிப்பு. சுவர் முழுக்க விதவிதமான போர்பன் அடுக்கியிருக்கிறது. நாம் கேட்பது மட்டும் இல்லை.

ஆறாவது கடையில் கல்லாவில் இருந்தவர் கேட்டார், "நீங்க நம்ம கடையில ரெகுலரா வாங்குறவரா?" இல்லை என்றேன். "அப்ப இல்லை" என்றார். அந்த "அப்ப" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நாங்கள் அங்கே நிற்கும்போதே ஒருவர் வந்தார். பேர் சொல்லி வரவேற்பு, உள்ளே போனார்கள், பழுப்புக் காகிதப் பையில் ஏதோ வந்தது. குதிரையின் கால் பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. நான் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை பதில் மாறியது. ஓடாத வோட்கா மூன்று பாட்டிலும் சேர்த்து எடுத்தால் "பார்க்கலாம்" என்றார். மொத்தக் கணக்குப் போட்டால் பிளான்டன்ஸின் பட்டியல் விலையைப் போல இரண்டு மடங்கு.

மாப்பிள்ளை, "மச்சான், இங்க இப்படித்தான். வாங்கிட்டுப் போயிடலாம்" என்றார். நான் வாங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கு எல்லாரும் சொல்லும் சமாதானம், "அது அபூர்வமான சரக்கு சார், பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊற வேண்டும்" என்பது. பாதி நிஜம். பாப்பி வான் விங்கிள் என்று ஒன்று இருக்கிறது, அதில் 23 வருஷம் ஊறியது உண்டு. 23 வருஷத்தில் பீப்பாயிலிருந்து பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். இன்றைக்கு எத்தனை பாட்டில் என்பது 23 வருஷத்துக்கு முன்பு யாரோ போட்ட கணக்கு, இன்றைக்கு மாற்ற முடியாது. அது நிஜமாகவே அபூர்வம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மொத்தமாகப் பாருங்கள். கென்டக்கியில் 2025 தொடக்கத்தில் ஊறிக்கொண்டிருந்த பீப்பாய்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 45 லட்சம். பச்சைக் குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு மூன்று பீப்பாய்! சரக்கு தேங்கிப் போய், 2026 முழுக்க தன் பெரிய ஆலையில் வடிப்பதை நிறுத்தப் போவதாக ஜிம் பீம் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, போர்பனுக்குப் பஞ்சம் இல்லை. சில பேர்களுக்கு மட்டும் பஞ்சம். அந்தப் பேர்களும் பஞ்சமாக இருப்பதில் சங்கிலியில் உள்ள எல்லாருக்கும் லாபம்.

அந்தச் சங்கிலியைச் சொல்கிறேன். அங்கே மதுவிலக்கு 1933-ல் முடிந்தபோது வியாபாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு, மொத்த வியாபாரி கடைக்கு, கடை நமக்கு. மொத்த வியாபாரி அபூர்வ பாட்டில்களைக் கடைகளுக்குப் "பங்கீடு" செய்கிறார். எந்தக் கடைக்கு எத்தனை, எந்தக் கணக்கில், இது வாங்குபவர் கண்ணில் படாது. ஒன்றைக் கொடுக்க இன்னொன்றைக் கடைக்காரர் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய விதியே இருக்கிறது. ஆனால் "உங்க பர்ச்சேஸ் எப்படி இருக்கு பார்த்துச் செய்றோம்" என்று வாய்மொழியாகச் சொன்னால் யார் பிடிப்பது? அவருக்குப் படுவதை அவர் நம் தலையில் கட்டுகிறார்.

சரி, தனியார்தான் மோசம், அரசாங்கமே விற்றால்? நம்ம ஊர் டாஸ்மாக் மாதிரி சில மாநிலங்களில் அரசுதான் விற்கிறது. ஆரிகன் மாநிலத்தில் மதுவை நிர்வகிக்கும் ஆணையத்தின் மேலதிகாரிகளே பாப்பி போன்ற பாட்டில்களைத் தங்களுக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டது 2023-ல் வெளியே வந்தது. அதன் நிர்வாக இயக்குநர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. இதில் முக்கியமான விஷயம், அவர்கள் திருடவில்லை. முழு விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். எடுத்துக்கொண்டது பாட்டிலை அல்ல, வரிசையில் இடத்தை. வர்ஜீனியாவில் அரசு மது ஆணைய ஊழியர் ஒருவர், எந்தக் கடைக்கு அபூர்வ சரக்கு போகிறது என்ற உள்பட்டியலை வெளியே விற்று 2022-ல் வழக்கில் மாட்டினார். பாட்டிலைவிடப் பட்டியலுக்கு மதிப்பு!

இங்கேதான் எனக்கு உறைத்தது. இந்தப் பட்டியல் எனக்கு நன்றாகத் தெரிந்த பட்டியல்.

2011-ல் அகமதாபாத்தில் ஒரு கிளையில் இருந்தேன். வங்கி பேர் வேண்டாம். மணிநகரிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்தார். வீட்டுக்காரருக்கு மில் வேலை, ஊரிலிருந்து வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை வைக்க ஒரு சின்ன லாக்கர் வேண்டும் என்றார். என் மேஜை டிராயரில் ஏழு லாக்கர் சாவி இருந்தது. பெரிய எஃப்.டி. போடுபவர்களுக்கும், இன்சூரன்ஸ் பாலிசி எடுப்பவர்களுக்கும் மட்டும் என்று மேலே இருந்து வாய்மொழி உத்தரவு. நான் சொன்னேன், "லாக்கர் எதுவும் காலி இல்லைங்கம்மா, வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு." அப்படி ஒரு லிஸ்டே கிடையாது.

"பரவால்ல தம்பி, வந்தா சொல்லுங்க" என்றார். இரண்டு தடவை வந்து கேட்டார். அந்த வாரமே ஒரு ஜவுளி வியாபாரிக்குச் சாவி போயிற்று. அப்புறம் எனக்கு மாற்றல். அந்த அம்மா நகையை எங்கே வைத்தாரோ தெரியாது. குஜராத்தியில் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. தமிழில் சொன்னேன். நம்ம ஊர்ப் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று நம்பித்தான் அவர் திரும்பத் திரும்ப வந்தார்.

கென்டக்கி கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையும் நான் அந்த அம்மாவைப் பார்த்த பார்வையும் ஒன்றுதான்.

வெளியூரில் குடும்பம் நடத்தும் நமக்கு இது புரியாமல் போகாது. ஸ்கூல் அட்மிஷன், வாடகை வீடு, ஆஸ்பத்திரிப் படுக்கை, எதுவாக இருந்தாலும் பட்டியல் மறைவாக இருந்தால் முதலில் அடிபடுவது புதுசாக வந்தவன். உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்தவர் இருப்பார், பின்வாசல் தெரியும். நமக்கு முன்வாசல் மட்டும்தான். "ரெகுலர் கஸ்டமருக்கு முன்னுரிமை" என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூணு மாசம் முன்பு வந்தவர் எப்படி ரெகுலர் ஆவார்?

இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி லாக்கர் விதிகளை மாற்றியது, 2022 ஜனவரியிலிருந்து அமல். காலி லாக்கர் எத்தனை, காத்திருப்போர் யார் என்று கிளைவாரியாகக் கம்ப்யூட்டரில் பட்டியல் வைக்க வேண்டும். லாக்கர் இல்லை என்றால் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு வரிசை எண் கொடுத்தே ஆக வேண்டும். டெபாசிட் கேட்பதற்கும் வரம்பு வைத்தார்கள். மூணு வருஷ வாடகையும் உடைத்துத் திறக்கும் செலவும், அவ்வளவுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு அந்த அம்மா வந்தால் "என் நம்பர் என்ன?" என்று கேட்க ஒரு வழி இருக்கிறது.

போர்பனுக்கும் இதேதான்.

1. இந்த மாசம் எத்தனை பாட்டில் வந்தது என்று கடைவாசலில் எழுது.
2. ஆள் அதிகம், பாட்டில் குறைவு என்றால் குலுக்கல் போடு. பென்சில்வேனியாவில் அரசே அப்படித்தான் செய்கிறது.
3. வோட்காவைக் கூடச் சேர்த்துக் கட்டாதே.
4. இரண்டு மடங்கு விலைதான் வேண்டுமென்றால் அதை வெளிப்படையாக அட்டையில் எழுதி வை. வாங்குபவன் வாங்கட்டும்.

"குலுக்கல் போட்டாலும் உனக்குக் கிடைக்காதே" என்றார் மாப்பிள்ளை. கிடைக்காதுதான். பி.காம். முதல் வருஷத்திலேயே படித்தாயிற்று, கேட்பவர் நூறு, பொருள் பத்து என்றால் தொண்ணூறு பேர் வெறுங்கையோடுதான் போக வேண்டும். ஆனால் குலுக்கலில் தோற்றவன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வான். பொய் கேட்டுத் திரும்புபவன் தன்னையே நொந்துகொள்வான், நமக்குத்தான் இங்கே யாரும் இல்லையே என்று. இரண்டும் ஒன்றல்ல.

"தனியார் கடை, அவர் இஷ்டம்" என்பார்கள். இஷ்டம்தான், ஆனால் அரசு கொடுத்த லைசென்ஸில் நடக்கும் கடை. மொத்த வியாபாரியிடம் நான் நேரே போய் வாங்க முடியாதபடி சட்டம் போட்டு அவரை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளருக்குத்தான் கொடுப்பேன் என்றால் அந்த விதியைச் சுவரில் ஒட்டட்டும். ஒட்ட வெட்கமாக இருக்கும் விதி, விதியே இல்லை.

அந்த ஆறாவது கடையில் நான் ஏன் வாங்கவில்லை என்று கேட்டீர்களே. என் மேனேஜர், ரிசர்வ் வங்கி சொல்வதற்குப் பல வருஷம் முன்பே, நாக்பூர் கிளையில் லாக்கர் வரிசையைக் கையால் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியவர். சொந்த மச்சினருக்குப் பதினாலாம் நம்பர் கொடுத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவருக்கு இந்தப் பாட்டிலை எப்படிக் கொண்டு போவது?

திரும்பி வந்து செம்பூருக்குப் போனேன். ஏர்போர்ட்டில் வாங்கிய ஒரு சாதா போர்பனை வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அகமதாபாத் கதையையும் முதல் தடவையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாட்டில் போகட்டும். அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை நெஜத்தைச் சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

சொல்லியிருக்கலாம்.

உங்க ஊரில், உங்களிடம் "இல்லை" என்று சொல்லி உள்ளே வைத்திருந்த பொருள் என்ன? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது படித்தால், நாளைக்குக் காலையில் டிராயரைத் திறந்து பாருங்கள்.