முடங்காத கருணை



சென்ற மாதம் மதரஸாவில் பாடம் முடிந்த வேளையில், ஒன்பது வயது மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "உஸ்தாத், எங்கள் உம்மா நாய்க்குச் சோறு வைக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டிற்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண்கள் கலங்கிவிட்டன.

அன்று மாலையே என் துணைவியாருடன் அவ்வீட்டிற்குச் சென்றேன். சிறுமியின் தாயார் ஆறு ஆண்டுகளாக முடக்குவாதத்தால் அவதியுறுபவர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. விடியற்காலையில் அவருடைய விரல்கள் விறைத்துப் போகும். ஒளூச் செய்யும் குவளையைப் பிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். நோயை அடக்கி வைக்க மருந்துண்டு. வேரோடு களைய இன்றுவரை மருந்தில்லை.

கொல்லைப்புற வேலியோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் வேனில் அடிபட்டு, முதுகுத்தண்டு சிதைந்து, பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்த நாய் ஒன்று கிடந்தது. கால்நடை மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி, படுக்கைப்புண் வராதிருக்க அதனைச் சில மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். தானாகச் சிறுநீர் கழிக்க இயலாததால் அடிவயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றுகிறார்கள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நடத்துவது மூத்த மகனின் பணி. மரத்துப்போன கால்களை மடக்கி நீட்டுவது தாயின் பணி.

கதவின் பின்னிருந்து அச்சகோதரி கூறினார்: "ஹஜ்ரத், நோய் வந்தபின் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ள ஒருவருமில்லை என்றாகிவிட்டது. வலியைவிட அதுவே பெரிய வலி. இந்த வாயில்லா ஜீவனுக்கு நான் வேண்டும். அதன் காலை மடக்கி நீட்டும்போது என் விரல்களும் மடங்கி நீள்கின்றன."

பொறுமை என்றால் கைகட்டிக் கிடப்பது என்று எண்ணுவோர் நம்மில் பலர். நீண்ட பிணியில் பொறுமைக்கு இலக்கணமாய்த் திகழ்ந்த அய்யூப் நபி (அலை) அவர்களுக்கு இறையருள் வந்தபோது, காலால் தரையை உதைக்கும்படியே கட்டளை வந்தது. அதன்பின்னரே குளிர்ந்த நீர் பீறிட்டது. நோயாளியின் சிறு அசைவையும் அல்லாஹ் வீணாக்குவதில்லை.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற செய்தியும் அவர்கள் அறிவித்ததே. அது ரஹ்மத்துடைய மலக்குகளைக் குறிக்கும் என்பது அறிஞர்களின் விளக்கம். இங்கோ நாய் வீட்டிற்குள் இல்லை. பகட்டுக்காக வளர்க்கப்படவும் இல்லை.

மலக்குகள் பற்றிய ஹதீஸை அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான்தான். கிணற்றடி மனிதரின் ஹதீஸை அதனோடு சேர்த்துக் கற்பிக்கத் தவறியவனும் நான்தான்.

சட்டத்தை விட்டுவிடவும் வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழுமுறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் மூன்றுமுறை கழுவினால் போதும். அச்சகோதரி கையுறை அணிகிறார். தொழுகைக்கெனத் தனி உடை வைத்திருக்கிறார். கழுவ வேண்டியது என்று மார்க்கம் சொன்னதை, வெறுக்க வேண்டியது என்று நாம் மாற்றிக்கொள்ளலாகாது.

இத்தகைய பணியில் இறங்குவோர்க்குச் சில எச்சரிக்கைகள்: வெறிநோயின் ஒரு வகையிலும் நாயின் கால்கள் முடங்கும். ஆதலால் மருத்துவர் பார்ப்பதற்கு முன் தொட வேண்டாம். தடுப்பூசி தவறவே கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. முடக்குவாத மருந்துகள் பல எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், அச்சகோதரி போன்றோர் தம் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது அவசியம். உடல் நோகும் நாள்களில் வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதில் குற்றமில்லை. சக்திக்கு மீறிய சுமையை இறைவன் எவர்மீதும் சுமத்துவதில்லை.

மறுநாள் வகுப்பில் கிணற்றடி மனிதரின் வரலாற்றைச் சொன்னேன். அச்சிறுமி தலைநிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் இரு மாணவர்கள் அக்கொட்டகைக்குப் பழைய சாக்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததாக அறிந்தேன்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் நற்சுகத்தையும், பிற உயிருக்கு உதவும் பேற்றையும் அருள்வானாக! ஆமீன்.