இரண்டு அங்குலப் பெருமை

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் தன் தார் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "சார், எப்படி இருக்கு பாருங்க" என்றான். கம்பெனி கொடுத்த 255/65 ஆர்18 டயரைக் கழற்றிவிட்டு 285/65 ஆர்18 போட்டிருக்கிறான். முன்பக்கம் தாழ்ந்து தெரிகிறதாம், அதனால் லெவலிங் கிட் வைத்து மூக்கை இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறான். நல்ல பிள்ளை. முகம் வாடக்கூடாதென்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் இதே வேலையைச் செய்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். என் தம்பி மகனும் அதில் ஒருவன். அன்று வாய்க்குள் வைத்துக்கொண்டதை இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 789 மி.மீ. புதியது 828 மி.மீ. வித்தியாசம் 39 மி.மீ. அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். இத்தனை பணம் கொட்டி வாங்கியது இரண்டு சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை! லெவலிங் கிட் தூக்குவது முன்பக்க உடம்பை மட்டும். கரட்டுப் பாதையில் கல் இடிப்பது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில். அதை அந்தக் கிட் ஒரு மி.மீ.கூடத் தூக்காது.

கிடைத்தது இவ்வளவு. இழந்தது என்ன? சக்கரம் 5 சதவீதம் பெரிதாகிவிட்டது. ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டும்போது வண்டி இப்போது 5 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதினேன்! 5 சதவீத வேகம் என்றால் 10 சதவீத ஆற்றல். அதை அடக்க வேண்டியது அதே பழைய பிரேக். சக்கரத்தின் ஆரம் கூடியதால், அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிடிப்பு விசையும் குறைந்துவிட்டது.

இவை உன் வண்டி, உன் பாடு என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படி இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

லோ பீம் வெளிச்சம் சற்றுக் கீழ்நோக்கி இறங்கும்படி வைத்திருப்பார்கள். 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாரின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 2.45 மீட்டர். முன்பக்கத்தை 5 செ.மீ. தூக்கினால் வண்டி 100க்கு 2 என்ற கணக்கில் மேல்நோக்கிச் சாயும். 1 இறங்க வேண்டிய வெளிச்சம் இப்போது 1 ஏறுகிறது. விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி அதன் மேல்விளிம்பு முன்பு அரை மீட்டரில், முழங்காலில் விழுந்தது. இப்போது ஒன்றரை மீட்டரில் விழுகிறது. எதிரே டூவீலரில் வருகிறவனின் கண் இருக்கும் உயரம் அது.

நான் இன்னும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறவன். ராத்திரியில் அந்த வெளிச்சம் முகத்தில் அடித்தால், அடுத்த சில நொடிகளுக்கு ரோட்டோரம் நடந்து போகிறவரோ, குறுக்கே நிற்கும் மாடோ, குழியோ எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவர்கள் மேல் மோதவே வேண்டாம். அவர்கள் கடந்து போன பிறகு நான் யார் மேலாவது மோதுவேன். அவர்களுக்கு அது தெரியக்கூட வராது.

"லைட்டைத் திருப்பி இறக்கிக்கலாமே சார்" என்பீர்கள். இறக்கலாம். இறக்கினீர்களா? கிட் மாட்டிய கடையில் அதைச் செய்து கொடுத்தார்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

"மலைப்பாதை, தோட்டத்துப் பாதைக்கு வேண்டியிருக்கு" என்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். கம்பெனி குறித்த அதே அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர் கிடைக்கிறது. அதைப் போடுங்கள். தார் பிறக்கும்போதே 226 மி.மீ. தரை இடைவெளியோடு பிறந்தது. நம் ஊர் வேகத்தடைக்கு அது போதாதா?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

எனக்குத் தெரியும், இது தேவைக்காகச் செய்வதில்லை. சிக்னலில் பக்கத்து வண்டியைக் குனிந்து பார்க்கிற சுகத்துக்காகச் செய்வது. அந்தச் சுகத்துக்கு எதிரே வருகிறவனின் கண்ணைக் கேட்காதீர்கள்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீமைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டராவது இல்லை என்றால், நாளைக்கு முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். பிறகு பழைய டயரைத் தேடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவனே, நீயும் படிப்பாய் என்று தெரியும். மனசில் வைத்துக்கொள்ளாதே. வண்டியைப் பழையபடி ஆக்கிக்கொண்டு வா. அதில் ஏறி ஊரைச் சுற்றிவர எனக்கும் ஆசைதான்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்