பாரிஸ் பலகார உலாவும் பாதிக் கதையும்

பாரிஸ் நகரத்துக்குப் போகிற யாத்ரீகர்கள், ஈபெல் கோபுரத்தையும் லூவர் சித்திரசாலையையும் பார்த்து முடித்த பிறகு, இப்போதெல்லாம் இன்னொரு காரியத்தையும் தவறாமல் செய்துவிட்டு வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டியின் பின்னால் கால்நடையாகவே பழைய வீதிகளில் சென்று, பேர்பெற்ற சாக்லேட் கடைகளிலும் பேஸ்ட்ரி கடைகளிலும் ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ருசி பார்த்து, அந்தக் கடையின் சரித்திரத்தையும் கேட்டு வருவதுதான் அது. இதை வெறும் நாவின் சபலம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு தேசத்தாரின் கைத்திறனை, அவர்கள் அன்றாடம் உண்ணும் பண்டத்தின் வாயிலாக, அது விற்கப்படும் இடத்திலேயே நின்று அறிந்துகொள்வது உயர்ந்த கல்வி என்பது என் அபிப்பிராயம். அப்படிக் கருதுவதால்தான், இந்த உலாக்களில் சொல்லப்படும் கதை பாதியிலேயே நின்றுவிடுவது எனக்குப் பெரிய மனக்குறையாக இருக்கிறது.

மோந்தோர்கேய் வீதியில் 51-ஆம் எண்ணில் இருக்கும் ஸ்தோரேர் கடையையே எடுத்துக்கொள்வோம். 1725-இல் பதினைந்தாம் லூயி மன்னரை மணந்த போலந்து அரசகுமாரி மரீ லெஸ்ஸின்ஸ்காவைத் தொடர்ந்து வெர்ஸேய் அரண்மனைக்கு வந்த நிக்கொலா ஸ்தோரேர் என்ற பலகாரக் கலைஞர், 1730-இல் தொடங்கிய கடை அது. உள்ளே நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெண் உருவங்கள் சுவரில் நிற்கின்றன. அங்கே எல்லோரும் கேட்டு வாங்குவது பாபா என்னும் பண்டம். ராணியின் தகப்பனாராகிய ஸ்தானிஸ்லாஸ், பல் பதியாதபடி காய்ந்துபோயிருந்த ஒரு கேக்கை மதுவில் நனைத்து உண்டு மகிழ்ந்தார் என்றும், அலிபாபாவின் கதையில் அவருக்கிருந்த பிரியத்தால் அதற்கு அந்தப் பெயரை இட்டார் என்றும், நம் ஊர்க் கோயில்களில் ஸ்தலபுராணம் சொல்கிறவருக்குச் சற்றும் குறையாத பக்தியுடன் வழிகாட்டி சொல்லுகிறார். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம் என்று யாரும் விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் வேண்டாம். ஆனால் கதைகள் அத்தனையும் அரண்மனையிலேயே தொடங்கி அரண்மனையிலேயே முடிந்துவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்ததாக ஸேன் நதியைக் கடந்து, ஸேன் பேர் வீதியிலுள்ள தெபோவ் எ காலே கடைக்கு வருகிறோம். மருந்து வணிகராக இருந்த ஸுல்பீஸ் தெபோவ் 1800-இல் ஆரம்பித்த நிறுவனம் அது. நெப்போலியனின் கட்டடக் கலைஞர்களாகிய பெர்ஸியேயும் போந்தேனும் வடிவமைத்த அந்தக் கடையில், அரைவட்டமாக வளைந்த மரமேடையும் அதன் பின்னால் வரிசையாக நிற்கும் தூண்களும் பழைய மருந்தகம் ஒன்றின் கம்பீரத்தை இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. மருந்தின் கசப்பைச் சகிக்க முடியாத மரீ அந்துவானெத் ராணிக்காகத் தெபோவ் மருந்தைச் சாக்லேட் வில்லைகளில் கலந்து கொடுத்தார் என்ற கதையை இங்கே கேட்கலாம். அந்த வில்லையை விரலால் ஒடித்தால் ‘படக்’கென்று சுத்தமான ஓசை எழும்புகிறது; வாயிலிட்டால், மெல்லுவதற்கு அவசியமே இல்லாமல் தானே இளகுகிறது. இந்த இரண்டு குணங்களும் தற்செயலாக வருவன அல்ல. உருக்கிய கறுப்புச் சாக்லேட்டை ஏறக்குறைய 28 பாகை வரையில் குளிரவைத்து, மறுபடியும் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்தி, அதிலுள்ள கொக்கோ வெண்ணெய் ஒரு குறிப்பிட்ட விதமாகவே படிகமாகும்படி செய்கிற பக்குவத்தின் பயன் அது. இந்தப் பக்குவம் பிசகினால் மேலே சாம்பல் பூத்துவிடும். இதை அறிந்த பிறகு அந்த வில்லையைச் சுவைப்பதில் இருக்கும் ஆனந்தம், ராணியின் கதையைக் கேட்டபடி சுவைப்பதில் இல்லை என்பது என் அனுபவம்.

குரோசான் என்னும் பேஸ்ட்ரியும் அப்படியே. பிசைந்த மாவுக்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரில் ஆறவிட்டு, இந்த மடிப்பை மூன்று முறை செய்தால் உள்ளே 27 வெண்ணெய்ப் படலங்கள் உண்டாகின்றன. வெண்ணெய் இளகினால் மாவோடு கலந்துவிடும், இறுகினால் உடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அதை நிறுத்திவைக்கும் கை, ஊர் உறங்கும் வேளையில் நிலவறைகளில் உழைக்கிறது. பிரான்ஸில் 1998-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, ரொட்டி மாவைத் தம் இடத்திலேயே பிசைந்து, வடிவமைத்து, எந்தக் கட்டத்திலும் உறையவைக்காமல் அங்கேயே சுட்டு விற்கிறவர்தான் தம் கடைக்குப் ‘புலாஞ்சரி’ (ரொட்டிக்கடை) என்று பெயர்ப்பலகை மாட்டலாம் என்று விதித்திருக்கிறது. போற்றத்தக்க சட்டம். ஆனால் அந்தக் காப்பு ரொட்டிக்கு மட்டுமே உரியது; அதே பலகையின் கீழ், தொழிற்சாலையில் உறையவைத்துப் பெட்டியில் வந்த குரோசானை அடுப்பில் காட்டி எடுத்து விற்பதைத் தடுக்க விதி இல்லை. சாக்லேட் கடைகளிலும் பெரும்பாலானவை கொக்கோக் கொட்டையைத் தாமே வறுத்து அரைப்பவை அல்ல. பெரிய ஆலைகளில் தயாரான சாக்லேட்டை வாங்கி, உருக்கி, தம் கைத்திறனைச் சேர்ப்பவை. அதில் இழிவு ஒன்றும் இல்லை. அதுவும் அரிய வித்தைதான். ஆயினும் எந்தக் கடை எதைத் தானே செய்கிறது என்பதைப் பணம் கொடுத்து உடன் வருகிறவர்களுக்கு எடுத்துரைப்பது வழிகாட்டியின் முதற்கடமை அல்லவா? 

இனி, சொல்லாமல் விடப்படுகிற, கடலுக்கு அப்பாலுள்ள மறுபாதிக் கதைக்கு வருவோம். தெபோவ் கடையின் பெருமையைச் சொல்லும்போது, அது பதினெட்டாம் லூயிக்கும் பத்தாம் சார்லுக்கும் லூயி பிலிப்புக்கும் சாக்லேட் அனுப்பிய கடை என்று தவறாமல் பிரஸ்தாபிக்கிறார்கள். அந்தப் பத்தாம் சார்ல் மன்னர்தான் 1825-இல், அடிமைத்தளையைத் தாமே அறுத்துக்கொண்டு 1804-இல் சுதந்திரம் பிரகடனம் செய்த ஹெய்ட்டி மக்களிடம், அவர்களுடைய பழைய எஜமானர்களுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி பிராங்கு கொடுத்தால்தான் அந்தச் சுதந்திரத்தை ஒப்புக்கொள்வேன் என்று போர்க்கப்பல்களை அனுப்பிக் கட்டளையிட்டார். அதற்குமுன் ஸேன் தோமேங் என்ற பெயரில் பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த அந்தப் பூமிதான், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்திலேயே மிகுதியாகச் சர்க்கரை விளைந்த இடம். ஏறக்குறைய ஐந்து லட்சம் அடிமைகள் அங்கே உழைத்தார்கள். அடிமைகளாக இருந்தவர்கள், தங்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்கு ஈடு கட்ட வேண்டியிருந்தது. முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிகளில் கடன் வாங்க நேர்ந்தது. 1838-இல் மொத்தத் தொகையை ஒன்பது கோடியாகக் குறைத்தார்கள்.

பேஸ்ட்ரியின் வயிற்றிலிருக்கும் வெண்ணிறப் பாலேட்டைக் கூர்ந்து பார்த்தால், அதில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை வெனிலாவின் விதைகள். மெக்ஸிகோவுக்கு வெளியே காய்க்காமல் அடம்பிடித்த அந்தக் கொடியை, மெல்லிய குச்சியால் பூவின் இதழ்த் திரையை விலக்கிக் கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காய்க்கவைக்கலாம் என்று 1841-இல் கண்டுபிடித்தவன், இந்நாளில் ரெயூனியன் என்று வழங்கும் தீவில் அடிமையாக இருந்த எத்மோன் அல்பியுஸ் என்ற 12 வயதுச் சிறுவன். இன்றும் வெனிலாப் பூக்களுக்கு அவன் முறையில்தான், ஒவ்வொன்றாக, கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். அவனோ 1880-இல் வறுமையிலேயே மாண்டான்.

1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்த பின்னர், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று கப்பல்கள் நம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தன. ரெயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், மறு வருஷம் முதல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் சந்ததியார் இன்றைக்கும் அங்கே மாரியம்மனுக்குப் பூஜை செய்துவருகிறார்கள். ஸ்தோரேர் கடையின் பாபாவில் மதுவின் இடத்தைப் பிற்காலத்தில் பிடித்துக்கொண்ட ரம், அத்தகைய கரும்புத் தீவுகளின் சரக்கு. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், நெப்போலியன் காலம் தொட்டுப் பிரான்ஸ் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கக் கற்றுக்கொண்டது. ஆகையால் இன்று அங்கே பலகாரத்தில் விழும் சர்க்கரை பெரும்பாலும் அந்நாட்டு வயலில் விளைந்ததே. கொக்கோவுக்கு அப்படி மாற்று வழி கிடையாது. 1960 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஐவரி கோஸ்ட்தான் இன்று உலகத்துக் கொக்கோவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை விளைவிக்கிறது. கத்தியால் காயை அறுத்துப் பிளந்து, கொட்டைகளை வாழையிலையால் மூடிச் சில நாட்கள் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்துகிற அந்தக் குடியானவர்களின் முற்றத்திலேயே சாக்லேட்டின் மணத்துக்கு அஸ்திவாரம் விழுந்துவிடுகிறது. அவர்களில் அனேகர் தங்கள் விளைபொருளிலிருந்து ஆகும் நல்ல சாக்லேட்டை வாங்கக்கூடிய நிலையில் இல்லை.

சந்தோஷமாக இருக்க வந்தவர்களிடம் இந்தத் துயரங்களை எல்லாம் சொல்லலாமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. மரீ அந்துவானெத்தின் கதையைச் சொல்லுகிறவர்கள், அவள் கில்லட்டினில் தலை இழந்ததையும் சேர்த்தேதான் சொல்லுகிறார்கள். கேட்கிறவர்களும் சாக்லேட்டை வாயில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அதனால் யாருக்கும் தித்திப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு ராணியின் மரணத்தைத் தாங்குகிற நாக்கு, ஓர் அடிமைச் சிறுவனின் மேதையைப் பற்றிக் கேட்கவும் தாங்கும்.

வழிகாட்டிகள் புதிதாக எங்கும் போக வேண்டியதில்லை. ஸ்தோரேர் கடையிலிருந்து வடக்கே சில நிமிஷம் நடந்தால், அதே வீதி பெத்தி கார்ரோ என்று பெயர் மாறும் இடத்தில், 10-ஆம் எண் கட்டடத்தின் முகப்பில், குடியேற்ற நாட்டுச் சரக்குகளை விற்ற பழைய கடையொன்றின் ‘ஓ ப்ளாந்தேர்’ என்ற விளம்பரச் சித்திரம் இருக்கிறது. தோட்ட முதலாளியாகிய வெள்ளையர் அமர்ந்திருக்க, கறுப்பினத்தவர் ஒருவர் நின்று பணிவிடை செய்யும் அந்தச் சித்திரத்தை, அரசாங்கமே சரித்திரச் சின்னமாகப் பாதுகாத்து வருகிறது. கடைகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அந்தக் கால்மணி நேரத்தை இங்கே செலவழித்து, பாபாவின் ரம் எங்கிருந்து வந்தது, வெனிலா எப்படிக் காய்த்தது, கொக்கோவை யார் உலர்த்துகிறார்கள் என்பதைச் சொல்லும்படி உலா நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மவர்கள் யாரேனும் அந்த உலாவில் இருந்தால், அவர்களாகவே வாய்திறந்து கேட்கட்டும். காரைக்காலிலிருந்து கப்பலேறினவர்களைப் பற்றி வழிகாட்டிக்குத் தெரியாவிட்டால், நம்மவர்களே எடுத்துச் சொல்லட்டும்.