பங்காளியாம்! பங்கு எங்கே?

இளைஞர் பெருக்கமே நாட்டின் செல்வமென முழங்குகின்றனர். மக்கள் தொகையில் 2023இல் சீனத்தையும் விஞ்சிற்றாம் இந்தியா! செல்வம் என்ன பாடுபடுகிறது? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட கணக்கு கூறும்: 2022இல், வேலைக்கு வந்து நின்ற இளைஞருள் எழுத்தறியாதோரில் நூற்றுக்கு 3.4 பேருக்கு வேலையில்லை, பட்டதாரிகளிலோ 29.1 பேருக்கு!

கல்வியா குற்றவாளி? அன்று. ஏழை ஒருநாள் வாளாவிருந்தால் அடுப்பெரியாது; கிடைத்த கூலிக்கு ஓடுகிறான். அதையும் வேலையென எழுதிக்கொள்கிறது ஏடு.

பட்டம் பெறு என்று வகுப்பில் நாம் சொல்கிறோம். பெற்றவன், கைப்பேசிச் செயலியின் கட்டளைக்குக் காத்து நின்று, சோற்றுப் பொட்டலம் சுமக்கிறான். இவ்வாறு துண்டுவேலை செய்வோர் 2020-21இல் 77 இலட்சம் என மதிப்பிட்டது நிதி ஆயோக். முதலாளி இவனைத் தொழிலாளி என்பதில்லை, 'பங்காளி' என்கிறான்! ஆதாயத்தில் பங்குண்டோ? வண்டி இவனுடையது, பெட்ரோல் இவனுடையது, விழுந்தால் முறியும் எலும்பும் இவனுடையது. தொழிலாளி எனப் பெயரிட்டால் சேமநிதி கேட்பான், விடுப்புக் கேட்பான், இழப்பீடு கேட்பான். அந்த அச்சமன்றோ இந்த உறவுமுறைக்குக் காரணம்?