பக்கத்து வீட்டுக்காரர் வைத்த விஷமா?

வளர்த்த பூனை திடீரென்று செத்துப்போனால், மாக் மண்டின் பக்கம் நாம் முதலில் சொல்வது, "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்பதுதான். சந்தேகம் பக்கத்து வீட்டின் மீது விழும். இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு நின்றுவிடும். மாணவர்களே, விஷம் வைப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. அறிவியல் படிக்கும் நாம் ஆதாரமில்லாமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது என்கிறேன்.

நேற்று மாலை ஓடியாடிய குட்டி, காலையில் வாந்தியோடு கிடக்கும். ஒரு வைரஸும் இதைச் செய்யும். பேன்லூக்கோபீனியா என்பது அது உண்டாக்கும் நோயின் பெயர். வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத்தான் இந்த வைரஸ் தாக்கும்: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர். வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். குடல்சுவர் சிதைந்து, பாக்டீரியா இரத்தத்தில் புகும். சில குட்டிகள் 12 மணி நேரத்துக்குள் இறந்துவிடுவதுண்டு.

அடுத்து நாம் செய்யும் தவறு என்ன தெரியுமா? பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, மறுவாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருகிறோம். அதுவும் சாகிறது. விஷச் சந்தேகம் இன்னும் பலமாகிறது! இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. எனவே சவர்க்காரமும் ஆல்கஹாலும் அதை அழிப்பதில்லை. வீட்டுக்குள் அது ஓராண்டுகூடத் தங்கும். பெட்டியை நன்றாகக் கழுவியபின், 1 பங்கு பிளீச்சை 32 பங்கு நீரில் கலந்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஓர் ஊசியோடு நிறுத்துவது போதாது.

இங்கிலாந்தில் 4,009 பூனைகளின் இறப்பை ஆராய்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. 5 வயதுக்குக் குறைந்தவற்றில் ஏறக்குறைய பாதி, காயங்களால் இறந்தவை. அதில் பெரும்பகுதி சாலை விபத்து. வயதானவற்றில் சிறுநீரகக் கோளாறு முன்னுக்கு வருகிறது. நம் தொழிற்பேட்டையின் லோரிகளை நினைத்துப் பாருங்கள். கருத்தடை செய்த ஆண் பூனை அவ்வளவு தூரம் அலையாது.

உண்மையான விஷம் சில வேளை நம் கையிலேயே இருக்கிறது. பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பவர்கள் உண்டு. நம் கல்லீரல் பாராசிட்டமோலைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றும். பூனைக்கு அந்த நொதி மிகக் குறைவு. அதனால் அதன் ஹீமோகுளோபின் கெட்டு, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். அரை மாத்திரையே கொன்றுவிடலாம். அன்பால் கொடுத்ததுதான், என்ன செய்வது?

இத்தனைக்குப் பிறகும் வெளியார் வைத்த விஷம் என்றே தோன்றினால், உடலைப் புதைக்காதீர்கள். உறையவிடாமல் குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். வேண்டுமென்றே விஷம் வைப்பது 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி குற்றம்: 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதை முடிவு வரும்வரை தள்ளிப் போடலாம்.