வீட்டிலிருந்து வேலை: தூரத்தை நடப்பவர் யார்?

சென்ற வாரம் உறவினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகன் கணினித்துறைப் பட்டதாரி. கொழும்பு நிறுவனமொன்றின் பணியை ஈராண்டுகளாகக் கோண்டாவிலில் தன் வீட்டிலிருந்தே செய்து வந்தவர். இனி வாரத்தில் ஐந்து நாள்களும் கொழும்பு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. இந்தப் பதவி வீட்டிலிருந்து ஆற்றுவதற்கு உகந்ததன்று என்பதே அதில் சொல்லப்பட்ட காரணம்.

“இரண்டு வரியமாச் செய்த வேலை ஒரு கடிதத்தோட எப்பிடி மாமா ஏலாத வேலையாப் போனது?” என்று அவர் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு வேலை வீட்டிலிருந்து செய்வதற்கு உகந்ததா, இல்லையா என்பதை எதைக்கொண்டு அளப்பது? நாம் இதுவரை தவறான அளவுகோல்களையே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான ஜாக் நிலெஸ் என்னும் பொறியியலாளர் 1973ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயர் சூட்டி ஆராயத் தொடங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் உலகம் எண்ணெய் நெருக்கடியில் சிக்கியது. ஊழியரை வேலைக்குக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக வேலையை ஊழியரிடம் கொண்டுசெல்லலாமே என்பதே அவருடைய சிந்தனை. எரிபொருள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் மனிதருக்கு இந்த ஞானம் பிறக்கிறது போலும். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அது நம் நாட்டு அரசுக்கும் பிறந்தது.

அந்த நாள்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னால் இரவு பகலாக வரிசைகள் நின்றன. அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் விடுப்பெடுத்து வீட்டுத்தோட்டம் செய்யலாம் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் அத்தியாவசியச் சேவையினர் தவிர்ந்தோர் ஜூன் 20 முதல் இரு வாரங்களுக்கு வீட்டிலிருந்தே பணியாற்றுமாறு சுற்றுநிருபம் வந்தது. நெருக்கடியில் வேறு வழி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வேலையை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை அன்று தீர்மானித்தது வேலையின் தன்மையன்று, பெற்றோலின் இருப்பே. அளவுகோல் பெற்றோலாக இருந்தபடியால், பெற்றோல் வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிற்று. அந்த இரு வாரங்களில் எந்த வேலை நடந்தது, எந்த வேலை நின்றது என்று கணக்கெடுத்துப் பாடம் கற்றிருக்கலாம். நானறிந்த அலுவலகம் எதிலும் அப்படியொரு கணக்கு எடுக்கப்படவில்லை.

என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தொலைதூரப் பணி என்ற பெயர் இங்கு அறிமுகமாவதற்கு நெடுங்காலம் முன்னரே, பிரதேச நிருபர்கள் அதைத்தான் செய்துவந்தார்கள். பருத்தித்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ தம் வீட்டில் இருந்துகொண்டு செய்தி எழுதுவார்கள். பேருந்துச் சாரதியின் கையில் கடித உறையைக் கொடுத்தனுப்புவார்கள். தொலைபேசி கிடைத்தால் வாய்மொழியாகச் சொல்லுவார்கள். 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு தரைவழியே துண்டிக்கப்பட்டபோதும் இங்கிருந்து செய்தி வெளியே சென்றது. அந்நிருபர்களை எவரும் வரவு இடாப்பில் கையொப்பமிடச் சொல்லவில்லை. செய்தி வந்ததா, சரியாக இருந்ததா என்ற இரண்டையும் மட்டுமே பார்த்தோம். விளைவைக் கண்ணால் காணக்கூடிய வேலைக்கு மேற்பார்வை தூரத்திலிருந்தும் இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நான் அறிந்த பத்திரிகையொன்றில் ஒப்புநோக்குவதையும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். எழுத்துப்பிழை பார்க்கும் வேலைதானே, எங்கிருந்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. மரண அறிவித்தல்கள் முதல்நாள் மாலையில் வந்துசேரும். “நாளை தகனம்” என்று உறவினர் எழுதித் தருவதைப் பத்திரிகையில் “இன்று தகனம்” என்று மாற்றவேண்டும். அலுவலகத்தில் இதற்கென்று எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. பக்கம் அமைப்பவரின் தோளுக்குப் பின்னால் யாராவது ஒருவர் நின்று “தம்பி, இது இன்றோ நாளையோ?” என்று கேட்பார். அவ்வளவுதான். எல்லோரும் வீட்டில் இருந்த ஓர் இரவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கவில்லை. “நாளை” என்றே அச்சாயிற்று. தம் ஆசிரியரின் இறுதிக்கிரியைக்கு அனுமதி பெற்று மறுநாள் சென்ற பழைய மாணவர் ஒருவர், வெறும் முற்றத்தைக் கண்டு திரும்பினார். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

ஒரு பதவியின் பெயரைப் பார்த்து அதன் உகந்த தன்மையைச் சொல்ல முடியாது என்பதை அன்று உணர்ந்தேன். பதவிக்குள் பல வேலைகள் உள்ளன. அவற்றுட் சில வேலைகள் எவருடைய கடமைப் பட்டியலிலும் எழுதப்படாதவை. ஒப்புநோக்குநரின் வேலையில் பத்தில் ஒன்பது பங்கை வீட்டுக்கு அனுப்பலாம். எஞ்சிய ஒன்றைக் கண்டறியாமல் முழுவதையும் அனுப்பியதே பிழை. மருத்துவமனையை எடுத்துக்கொண்டாலும் இதுவே உண்மை. கதிர்ப்படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவதை வேறோர் ஊரிலிருந்தும் செய்யலாம். புண்ணுக்கு மருந்து கட்டுவதற்குக் கை அருகில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே கட்டடத்தில் நடப்பதால் இரண்டும் ஒரே தன்மையான வேலை ஆகிவிடா.

இவை எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதும் கேள்வி வேறொன்று. ஊழியர் வீட்டில் இருந்தால், அவர் நடக்காத தூரத்தை யார் நடப்பது? தூரம் தானாக மறைந்துபோவதில்லை. பெரும்பாலும் வேறொருவர் தலையில் இறங்குகிறது. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் தம் வீட்டிலிருந்து கற்பித்தார். திறன்பேசி இல்லாத பிள்ளை அயல்வீட்டு வாசலில் நின்றது; அலைவரிசை கிடைக்காத பிள்ளை வெளியைத் தேடிப் போனது. ஆசிரியரின் பயணம் மிச்சமாயிற்று. பிள்ளையின் பயணம் நீண்டது.

நெடுந்தீவிலிருந்து ஒரு முதியவர் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாண நகருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தேடிவந்த உத்தியோகத்தர் இன்று வீட்டிலிருந்து பணி என்றால், அந்த ஏற்பாட்டின் செலவைக் கொடுத்தவர் அந்த முதியவரே. அதே அலுவலை முதியவர் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்ள வழி இருந்திருந்தால், உத்தியோகத்தர் எங்கிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஆகவே பொதுமக்களின் பயணத்தை முதலில் குறையுங்கள். அதன்பின் ஊழியரின் பயணத்தைக் குறைக்கலாம். நாமோ எப்போதும் தலைகீழாகவே தொடங்குகிறோம்.

வீடு என்பதும் எல்லோருக்கும் ஒன்றன்று. தனியறையும் தடையற்ற மின்சாரமும் உள்ளவருக்கு அது அலுவலகம். கூட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்கோ வீட்டிலிருந்து வேலை என்றால், அடுப்படியும் பிள்ளைகளும் முதியோரும் விலகாத இரட்டை வேலை. ஒருவருக்குச் சலுகையாவது இன்னொருவருக்குச் சுமையாகலாம் என்பதால், அவரவரைக் கேட்காமல் தீர்மானிப்பது நியாயமன்று.

அதே அளவுகோலைக் கோண்டாவில் இளைஞரின் வேலைமீதும் வைத்துப் பார்ப்போம். அவர் எழுதும் நிரல் ஓடுகிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். ஐயம் எழுந்தால் சக ஊழியரை அழைத்துக் கேட்கலாம். அவர் வீட்டில் இருப்பதால் எந்த முதியவரும் படகேறி ஏமாறவில்லை. மாறாக, ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் அவர் அறை எடுக்கவேண்டும். சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கும் உணவுக்கும் போகும். வயதான பெற்றோர் இங்கே தனித்திருப்பர். இங்கே தூரத்தை நடப்பவர் அவரும் அவர் பெற்றோருமே. அவ்வளவு விலையைக் கேட்கும் நிறுவனம், எந்தப் பணிக்காக அவர் நேரில் தேவை என்று சொல்லக் கடமைப்பட்டது. மாதத்தில் சில நாள்கள் கூடிப் பேசவேண்டும் என்றால் அதை ஏற்கலாம். இருக்கை வெறுமையாக இருப்பது பார்க்க நன்றாக இல்லை என்பதை ஏற்க முடியாது.

இது ஓர் இளைஞரின் தனிப்பட்ட குறையன்று. போரும் புலம்பெயர்வும் வெறுமையாக்கிய ஊர்கள் நம்முடையவை. யாழ். ஐ.டி. ஹப் போன்ற முயற்சிகள் தொடங்கியபோது, படித்தவர் ஊரில் இருந்தே உலகத்துக்கு உழைக்கலாம் என்ற நம்பிக்கை துளிர்த்தது. காரணம் கூறாத ஒரு கடிதத்தால் அந்த நம்பிக்கை உலர்ந்துவிடக் கூடாது.

அந்த இளைஞருக்கு நேற்றுத் தொலைபேசியில் ஒன்று சொன்னேன். ஒரு மாதத்தில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எது எது கொழும்பில் மட்டுமே ஆகும் என்று குறித்து, அந்தப் பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்புமாறு சொன்னேன். எழுதத் தொடங்கியிருக்கிறார். இதுவரை இருபத்துமூன்று வேலைகள். கொழும்பில் மட்டுமே ஆகக்கூடியவை இரண்டு.