மருந்து போட்டதும் முடி கொட்டுகிறதே!

தலைபோகிற விஷயமா இது என்று சிலர் சிரிக்கலாம். முடி போகிற விஷயம்தான். ஆனால் போகிறவனுக்கல்லவா தெரியும் அதன் வேதனை!

என் நண்பர் ஒருவருக்கு வயது 29. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெற்றி நாளுக்கு நாள் மேலேறுகிறதே என்ற கவலையில் டாக்டரிடம் போனார். மினாக்சிடில் என்னும் மருந்தை எழுதிக் கொடுத்தார் டாக்டர். காலையும் இரவும் தவறாமல் தடவினார் நண்பர். மூன்றாவது வாரம் சீப்பில் கொத்தாக வந்தது முடி. நான்காவது வாரம் தலையணை, துண்டு, குளியலறை எங்கு பார்த்தாலும் முடி. "இருந்ததும் போச்சு, ஐயா!" என்று சீசாவைக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். அடுத்த மாதமே, சில வாரங்களில் கருகருவென்று வளரும் என்று ஆசை காட்டிய ஒரு தைலத்துக்குப் பல மடங்கு பணத்தைக் கொட்டினார்.

நண்பர் அவசரப்பட்டது பிசகுதான். ஆனால் பெரிய பிசகு அவருடையதல்ல. மருந்தைக் கொடுத்தபோது, "முதலில் கொஞ்சம் கொட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியவர்களுடையது. இதுவே என் கட்சி.

கொட்டுவது ஏன்? நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனித்தனிக் கணக்கு. 2 முதல் 6 ஆண்டு வரை முடி வளரும். இரண்டு மூன்று வாரம் ஒடுங்கும். பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழ, அதே காலில் புதியது கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த மருந்து ஓய்விலிருக்கும் மயிர்க்கால்களைத் தட்டி எழுப்புகிறது. புதியது கிளம்பப் பழையது இடம் விட வேண்டாமா? பல வாரங்களில் சிறிது சிறிதாக விழ வேண்டிய முடிகள் ஒன்றாகச் சேர்ந்து விழுகின்றன. துளிர் விடுவதற்கு முன் வேப்பமரம் இலையெல்லாம் உதிர்த்து நிற்பதைப் பார்த்து, மரம் பட்டுவிட்டது என்று யாரும் கோடரியைத் தூக்குவதில்லையே!

இந்த உதிர்வு பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தொடங்கி, மேலும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். எல்லோருக்கும் வருவதுமில்லை. பலன் கண்ணுக்குத் தெரியவோ 4 மாதமாவது ஆகும். ஆக, மனிதன் மருந்தைக் கைவிடுவது சரியாக எப்போது? அது வேலையைத் தொடங்கியிருக்கும் நேரத்தில்!

மருந்தும் நேற்று வந்ததல்ல. முதலில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பிலும் முகத்திலும் முடி வளர்வதைக் கண்ட பிறகே, அதைத் தலையில் தடவும் யோசனை பிறந்தது. 1988-ல் அமெரிக்க அரசாங்கம் அதை வழுக்கைக்கு அனுமதித்தது. இத்தனை ஆண்டுப் பழக்கமுள்ள மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்வதற்கு என்ன தயக்கம்?

"சொன்னால் பயந்துபோய் வாங்கவே மாட்டார்கள்" என்பார் சிலர். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நர்ஸம்மா, "ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறார். தாய் ஊசியை வேண்டாமென்றா ஓடுகிறாள்? சொல்லாமல் விட்டிருந்தால் அல்லவா நள்ளிரவில் பதறுவாள்!

சொல்லும்போது முழுவதையும் சொல்ல வேண்டும். இம்மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தாலும், நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். கொட்டுவதெல்லாம் நன்மைக்கே என்றும் இருந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேலும் கொட்டினால், வட்ட வட்டமாக விழுந்தால், தலை சிவந்து எரிந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு படபடத்தாலோ தலை சுற்றினாலோ மருந்தை உடனே நிறுத்திவிட்டு அவரிடம் ஓட வேண்டும். கடுங்காய்ச்சல், பிரசவம், ரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவற்றாலும் முடி கொட்டும். இந்த விவரம் தெரியாதவனிடம்தான் போலித் தைலக்காரன், "கொட்டினால் நல்லது" என்று அதே வார்த்தையைச் சொல்லி ஏமாற்றுகிறான்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று பரிமாறுகிறவர் சொல்ல வேண்டாமா?

இதையெல்லாம் நண்பரிடம் விளக்கினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்றைக்கே சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேனே" என்றார்.

டாக்டர்களும் மருந்துக் கடைக்காரர்களும் தயவுசெய்து இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.